பஞ்சுக்கை

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. இருந்தாலும் இடதுபக்க நாற்காலிக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொண்டு நிற்பார்கள். நாற்காலியில் ஒன்றும் விசேஷமில்லை. விசேஷமெல்லாம் அதற்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளிடம்தான். நாற்பத்து நாலு வயது, குட்டை உருவம், காதோரம் நரை, கறாரான குரல். பத்தொன்பது வருடமாக அதே ஸ்டூல்.

ஊசி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது என்று பேர் வாங்கியவள் அவள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குத்தப் போறீங்களா?" என்று நடுங்குகிறவர்களிடம், "குத்தி, எடுத்து, பஞ்சும் வெச்சாச்சு. எழுந்திரிங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்பாள். பஞ்சுக்கை அக்கா என்று முதலில் யாரோ ஒரு குழந்தையின் அம்மா கூப்பிட்டாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மேல் மாடி டாக்டர்கள்கூட ஃபோன் செய்து, "பஞ்சுக்கை இருக்காங்களா? நரம்பே கிடைக்காத கேஸ் ஒண்ணு அனுப்பறேன்" என்பார்கள். அவளுக்கு அதில் பெருமை உண்டு. ஏன் இருக்கக்கூடாது? சும்மா வந்த பேரா அது?

அவளுடைய பேரைக் கெடுத்தது ஊசி இல்லை, ஒரு துண்டு ஸ்டிக்கர். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்த அறையின் விதி இதுதான். ஆள் வந்து உட்கார்ந்ததும் பேரைச் சொல்லச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்த பிறகு, அவர் கண் முன்னாலேயே பேர் அச்சடித்த ஸ்டிக்கரை டியூபில் ஒட்ட வேண்டும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆனால் காலை ஏழு மணிக்கே நூறு பேர் வெறும் வயிற்றோடு எரிச்சலாக நின்றால், சட்டமாவது கண்ணாடியாவது! ஊழியர்கள் ஆறே முக்காலுக்கே வந்து, அவரவர் நாற்காலியின் டோக்கன் வரிசைப்படி எல்லா டியூபிலும் ஸ்டிக்கரை ஒட்டித் தட்டில் நிறுத்தி வைத்துவிடுவார்கள். இதற்கு அவர்களுக்குள் முன்னொட்டு என்று பேர். ஆள் வர வர, அடுத்த டியூபை எடுத்தால் போதும். ஆளுக்கு அரை நிமிஷம் மிச்சம். வலதுபக்க நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரரும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். இன்சார்ஜ் மேடத்துக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதில் அந்த ஆஸ்பத்திரியே தேர்ந்த கை.

அன்றைக்கு முப்பத்தோராம் டோக்கன் ஒரு இளம்பெண். புது வேலைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதென்று சர்டிஃபிகேட் வாங்க வந்தவள். உட்காரப் போகும்போது ஃபோன் அடித்தது. "ஒரே நிமிஷம்க்கா" என்று வெளியே ஓடினாள். பின்னால் நின்றிருந்த முப்பத்திரண்டு வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் மயிர்க்கால்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் காய்ந்திருந்தன. பெயிண்டர்.

"என்னங்கய்யா, ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் சுவரைக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்க?" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். "நல்லா தேய்ச்சுக் குளிச்சுட்டுத்தாம்மா வந்தேன். இது போகாது. கூடவே வரும்னு நினைக்கிறேன்."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரப்பர் பட்டையைக் கட்டினாள், சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து அடுத்த டியூபை எடுத்தாள். அது முப்பத்தொன்றின் டியூப். கை தன் பாட்டுக்கு வேலையை முடித்தது. பெயிண்டர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனார். இளம்பெண் மூச்சிரைக்க ஓடி வந்து உட்கார்ந்தாள். தட்டில் அடுத்து நின்றது முப்பத்திரண்டு. அதில் அவளுடைய ரத்தம் போனது. அவ்வளவுதான் நடந்தது. இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

பெயிண்டர் வந்தது தலைசுற்றலுக்காக. ரிப்போர்ட்டில் ரத்தம் பதினாலு பாயிண்ட் இருந்தது. "ரத்தம் ஜோரா இருக்கே! வெயில்ல நின்னதா இருக்கும், நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க" என்று அனுப்பினார் டாக்டர். அந்தப் பெண்ணுக்கோ அஞ்சு பாயிண்ட் என்று வந்தது. வீடே அழுது தீர்த்தது. சோகையே தெரியாத அவளுடைய சிவந்த முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். பதினாலு. மெஷின் ஏதோ தப்பாகக் காட்டியிருக்கிறது என்று ஒரு வரி எழுதி விஷயத்தை முடித்தார்கள். பஞ்சுக்கையும் அதைக் கேள்விப்பட்டாள். "பாவம், அந்தப் பொண்ணைப் பயமுறுத்திட்டாங்களே" என்று மெஷினைத் திட்டினாள்.

ஒன்பதாம் நாள் அவளை எமர்ஜென்சிக்குக் கூப்பிட்டார்கள். ஏணியிலிருந்து விழுந்த ஆள், நரம்பு கிடைக்கவில்லை, உடனே வாங்க என்று. ஓடினாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளைப் புள்ளிகள். இன்னொரு கை மணிக்கட்டில் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. ரத்தம் எடுத்தாள். நாலரை பாயிண்ட் என்று வந்தது. விழுந்ததில் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று எலும்பு டாக்டர்கள் அவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவள் கீழே வந்து பழைய நோட்டைப் புரட்டினாள். எதற்குப் புரட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரே தேதி. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. பக்கத்துப் பக்கத்து வரி. ஃபோன் பேச ஓடிய பெண்ணும், அவள் இடத்தில் வந்து உட்கார்ந்த பெயிண்டரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பஞ்சும் ஊசியும் அடுக்கி வைக்கும் ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. மெஷின் என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. விழுந்ததால் ரத்தம் போயிற்று என்று மேலே அவர்களே சொல்கிறார்கள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாளைக்குக் காலையில் அதே ஸ்டூல், அதே பேர். நமக்கு மட்டும் என்ன, அந்த இடத்தில் வேறு யோசனையா வரும்? ஆனால் டாக்டர்கள் தப்பான இடத்தில் தேடுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மனிதர் விழுந்ததால் ரத்தம் போகவில்லை, ரத்தம் போனதால்தான் விழுந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த அரை மணிக்காக அவள் பிறகு ஒருநாளும் தன்னை மன்னித்ததில்லை.

இன்சார்ஜ் மேடத்தின் மேஜை முன் போய் நின்றாள்.

"ஒன்பது நாளைக்கு முன்னாடியே அவருக்கு அஞ்சு பாயிண்ட்தான் மேடம். வயித்துல பாக்கச் சொல்லுங்க. மெஷின் இல்ல. நான்தான்."

மேடம் ஃபோனை எடுத்தார். வயிற்றில் புண் இருந்தது, அதிலிருந்துதான் நாள்கணக்காகக் கசிந்திருக்கிறது. உயிர் தப்பியது. வலது மணிக்கட்டு தப்பவில்லை. மூன்று துண்டு. தகடு வைத்துத் திருகினார்கள். இனி அந்தக் கை தலைக்கு மேலே பிரஷ் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், மூன்று மாதம் ஊசியைத் தொடக்கூடாது என்றார்கள். வாசலில் நின்று டோக்கன் கூப்பிடும் வேலை. பஞ்சுக்கை அக்காவைத் தேடி வந்தவர்கள், "ஏன்க்கா இங்க நிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். என்ன சொல்வாள்? "கொஞ்ச நாளைக்கு" என்பாள். முன்னொட்டு அன்றோடு ஒழிந்தது. ஆளுக்கு அரை நிமிஷம் கூடியது, வரிசை வாசலைத் தாண்டியது. கண்ணாடிக்காரர் அவள் காதில் விழும்படியே, "சிலர் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா எல்லாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். பத்து வருடம் ஒன்றாக டீ குடித்த மனிதர்.

மேடத்தோடு மூன்றாம் மாடிக்குப் போய்ப் பெயிண்டரைப் பார்த்தாள். கட்டிலருகில் அவர் மனைவி. மேடம் விஷயத்தைச் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் பஞ்சுக்கையைப் பார்த்து, "ஒரு பேரைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கைகூப்பி நின்றாள். பெயிண்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பட்டி சரியா தேய்க்காம அவசரத்துல பெயிண்ட் அடிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது படியில் அவள் கை நடுங்குவதைக் கவனித்தாள்.

நடுக்கம் அன்றோடு நிற்கவில்லை. டீ ஊற்றினால் தட்டில் பாதி. பொத்தான் தைக்க நூல் கோக்க முடியவில்லை. பஸ்ஸில் யாராவது பக்கத்தில் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தால், நரம்பு கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவன் நல்ல மனுஷன். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "பேசாம வேலையை விட்டுடேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளை மிகவும் குத்தியது. பத்தொன்பது வருடத்தில் தனக்கென்று இருந்தது அந்த ஒரு கை. அதையும் விட்டுவிட்டால், மிச்சம் இருப்பது அந்த இரண்டு நிமிஷம் மட்டும்தானே என்று நினைத்துக் குமைந்தாள்.

வீட்டில் கணவனின் அக்கா இருந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றின் கேன்டீனில் சமையல். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த வாய். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே மயங்கி விழுகிறவள். ஒருநாள் காலை, நாத்தனார் சமையல் மேஜையில் தன் இடது கையைத் தொப்பென்று போட்டாள்.

"இந்தா. தேடு."

"என்ன அண்ணி இது?"

"நரம்பு தேடு. ஊசி கீசி எடுத்தே, அப்படியே கூரை பிஞ்சு போற மாதிரி கத்துவேன். சும்மா விரலால தேடு. உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு டீ குடிச்சா எனக்கு டீயே கசக்குதுடி."

பழைய ரிப்பன் ஒன்றைக் கட்டி அவள் தேடினாள். விரல் நடுங்கியது. ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கிடைக்காது. எனக்கு ரத்தமெல்லாம் வாயிலதான் ஓடுது" என்றாள் நாத்தனார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஒருத்தி சிரித்தாள்.

மறுநாளும் கை மேஜைக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஆறு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, டீக்கு முன்னால் ஒரு நரம்பு. சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளிலும் அவள் வேலைக்குப் போய் வாசலில் நின்று டோக்கன் கூப்பிட்டாள். கண்ணாடிக்காரர் குத்திப் பேசினால் பேசட்டும் என்று நின்றாள். வந்து நிற்கிற ஒவ்வொருவரிடமும் பேரைக் கேட்டு, டோக்கனோடு சரி பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஒரு கல்லூரி மாணவி, கயிறுபோல நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஊசியின் மூடியைக் கழற்றியதும் நுனி ஆடியது. மாணவி அதைப் பார்த்தாள். மாணவி பார்ப்பதை இவள் பார்த்தாள். ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்க் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

இன்சார்ஜ் மேடம் திட்டவில்லை. "திங்கட்கிழமை இன்னொரு தடவை உக்காந்து பாருங்க. அன்னைக்கும் எழுந்துட்டீங்கன்னா, கீழ ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடறேன். ரிடையர் ஆகற வரைக்கும் அங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார். நிம்மதி! ஜன்னல் இல்லாத அறையில் பழைய காகிதத்துக்கு நடுவே பதினாலு வருட நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் கையை நீட்டினாள். இவள் தொடவில்லை.

"எனக்குப் பழைய கை வராது அண்ணி. விடுங்க."

நாத்தனார் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எது, அந்தப் பழைய கையா? அதுக்காகவா இத்தனை நாளா அடம் பிடிக்கிறே? அந்தக் கைதான்டி தப்புப் பண்ணுச்சு. சிரிச்சுப் பேசிக்கிட்டே, பாக்காம எடுத்துச்சே, அந்தக் கை. இந்த நடுங்கற கை யாருக்கு என்னடி கெடுதல் பண்ணுச்சு?"

பஞ்சுக்கைக்கு அழுகைதான் வந்தது. விசாரணையில் வராதது, மூன்றாம் மாடியில் வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. நாத்தனார் அழட்டும் என்று விட்டுவிட்டு அடுப்பில் டீயை இறக்கினாள். பிறகு மறுபடியும் கையை மேஜையில் போட்டாள். அன்றைக்கு நரம்பு கிடைத்தது. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை. முதல் ஆள் ஒரு பாட்டி, இரண்டாவது ஒரு கடைக்காரர். எடுத்தாள். எப்படி எடுத்தாள் என்று கேட்டால், மெதுவாக. பேர் கேட்டாள், நடுக்கம் அடங்கும்வரை மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள், எடுத்தாள், ஒட்டினாள். பாட்டி முணுமுணுத்தாள், கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இவளுக்கு முதுகெல்லாம் வியர்வை.

பத்து மணி வாக்கில் நிமிர்ந்தபோது, வாசலில் பெயிண்டர் நின்றிருந்தார்.

மணிக்கட்டுத் தகட்டில் ஏதோ மாற்ற வேண்டுமாம், ஆபரேஷனுக்கு முன் ரத்தம் பார்க்க அனுப்பியிருந்தார்கள். பின்னால் அவர் மனைவி. வலதுபக்க நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடிக்காரர் விஷயம் புரிந்து, "ஐயா, இப்படி வாங்க, நான் சட்டுனு எடுத்துடறேன்" என்று கூப்பிட்டார். மனைவியும் அந்தப் பக்கம் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

பெயிண்டர் நடந்து வந்து இடதுபக்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

பஞ்சுக்கைக்கு எழுந்துவிட வேண்டும் என்றுதான் கால் சொன்னது. எழுந்தால் ரெக்கார்டு ரூம். அதைக்கூட அப்போது அவள் நினைக்கவில்லை. இந்த மனிதர் முன்னால் எழுந்து ஓடக்கூடாது என்று மட்டும் நினைத்தாள்.

"அங்க போனா சீக்கிரம் முடிஞ்சிடும்யா" என்றாள்.

"அதனாலதான் இங்க வந்தேன்."

இடது கையை நீட்டினார். புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. கழுவித் துடைத்தாற்போல வெறும் தோல்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்கம்மா" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "அப்படியெல்லாம் பெரிய மனசு எனக்குக் கிடையாது. நானும் ஒரு கோட்டு பெயிண்ட் காயறதுக்குள்ள அடுத்த கோட்டு அடிச்சவன்தான். சொல்லாம விட்டுட்டு வந்திருக்கேன். சுவரு உரிஞ்சா திரும்ப அடிச்சுக்கலாம்." தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க பேரு சொல்லுங்கய்யா."

சொன்னார். சீட்டைப் பார்த்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். பட்டையைக் கட்டி, விரலால் தேடினாள். நரம்பு கிடைத்தது. ஊசியை எடுத்தாள். நுனி ஆடியது.

"கை நடுங்குதே" என்றார் பெயிண்டர்.

"ஆமாய்யா. இப்ப இப்படித்தான் இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"நடுங்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எந்த ஏணியும் காத்துக்கிட்டு இல்ல."

மணிக்கட்டை மேஜையில் ஊன்றினாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. கண்ணாடிக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் காத்திருந்தாள். முழுதாக அடங்கவில்லை, ஆனால் போதுமான அளவு அடங்கியது. ஊசியை ஏற்றினாள். பெயிண்டர் முகத்தைச் சுளித்தார்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ரத்தம் டியூபில் ஏறியது. பஞ்சை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொள்ள அவருடைய வலது கையால் முடியாதென்று அப்போதுதான் உறைத்தது. தானே அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்கும்வரை விடவில்லை. பிறகு அவர் கண் முன்னாலேயே ஸ்டிக்கரை உரித்து ஒட்டி, டியூபை அவர் பக்கம் திருப்பினாள்.

"படிச்சுப் பாருங்கய்யா."

அவர் அதை இடது கையில் வாங்கினார். இன்னும் சூடு ஆறாத டியூப். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுக்க மனைவி அருகே வந்தாள். அவரோடு சேர்ந்து அந்த அம்மாளும் குனிந்து பார்த்தாள். அவர் முன்னெழுத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுப் படித்தார். படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? மூன்று நொடி இருக்கும்.

"நான்தான்" என்றார்.

அவள் டியூபை வாங்கித் தட்டில் வைத்தாள். அவர் எழுந்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். பஞ்சுக்கை கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.